பெயர் கேட்டவர்கள்

"ஜார்ஜ்! என் பூட்ஸ் எங்கே?" என்று கேட்கிறது ஒரு குரல். "ஜார்ஜ்! குடிக்கத் தண்ணீர்!" என்று அதட்டுகிறது மற்றொரு குரல். மணி ஒலிக்கிறது, ஓடி வருகிறார், வெள்ளைச் சட்டை அணிந்த கறுப்புத் தொழிலாளி. நரை கண்ட தலை; நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையாக இருக்கலாம், பேரனைக் கண்டவராகவும் இருக்கலாம். அழைத்தவனோ மீசை அரும்பாத இளைஞன். முகத்திலே புன்னகையை ஏந்திக்கொண்டுதான் வந்து நிற்க வேண்டும் அவர். விதி அப்படி! தலைவிதியன்று, கம்பெனி அச்சிட்டுக் கொடுத்த விதி!

அவர் பெயர் ஜார்ஜ் அன்று. ஈன்றவர்கள் இட்ட பெயர் ஒன்று உண்டு அவருக்கு. ஆனால் அதை எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்ற எண்ணமும் எவருக்கும் எழுந்ததில்லை. அமெரிக்க நாட்டின் இரயில்களிலே, படுக்கை வண்டிகளில் ஊழியம் புரிந்த ஆயிரக்கணக்கான கறுப்பினத் தோழர்கள் அனைவருக்கும் ஒரே பெயர் ஜார்ஜ்! ஏன் ஜார்ஜ்? முதலாளியின் பெயர் ஜார்ஜ், ஜார்ஜ் புல்மன். அடிமைக்கு ஆண்டையின் பெயரை ஒட்டவைத்த பழைய வழக்கம், அடிமை முறை சட்டத்தில் ஒழிந்த பிறகும் தண்டவாளத்தின் மீது ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு தொழிற்கூடத்திலே உழைப்பவன் அந்த இடத்தைத் தனதென்று எண்ணுவது எப்போது? கூலி கூடினாலா? முதலாளி சிரித்துப் பேசினாலா? இந்தக் கேள்வியை மேடைதோறும் பேசுகிறோம் நாம். பேச்சைச் சற்று நிறுத்திவிட்டு, அந்தப் படுக்கை வண்டித் தோழர்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். பெயரில் தொடங்கி உரிமையிலே சென்று முடிந்த வரலாறு அது.

1867-ஆம் ஆண்டு சிகாகோ நகரிலே புல்மன் தம் கம்பெனியை நிறுவினார். அமெரிக்கா பரந்த நாடு. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செல்லப் பல இரவுகள் பிடிக்கும். மர இருக்கையிலே முதுகு ஒடிய அமர்ந்து சென்ற காலத்தில், கம்பளம் விரித்து, சரவிளக்கு மாட்டி, மெத்தைப் படுக்கை அமைத்த வண்டிகளைச் செய்தார் அவர். வண்டியை அவர் விற்கவில்லை. ஊழியரோடு சேர்த்து இரயில் கம்பெனிகளுக்கு ஓட்டத்திற்கு விட்டார். அந்த ஊழியர் யார்? இரண்டாண்டுகளுக்கு முன்புதான், 1865-இல், உள்நாட்டுப் போர் முடிந்து சுமார் 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைத் தளையினின்று விடுபட்டிருந்தனர். நிலமில்லை, கல்வியில்லை, கையிலே காசில்லை. அவர்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கினார் புல்மன். வேலையற்றோர்க்கு வேலை கொடுத்த வள்ளல் என்று புகழ்ந்தனர் பலர். உண்மை வேறு. ஏவலுக்குப் பழக்கப்பட்டவர், எதிர்த்துப் பேச அஞ்சுபவர், குறைந்த கூலிக்குக் கிடைப்பவர் என்ற கணக்குப் போட்டே அவர்களை அமர்த்தினார் அந்த வள்ளல்!

இங்கே வரலாறு ஒரு கேலிச் சித்திரம் தீட்டுகிறது. 1897-இல் புல்மன் மறைந்தார். அடுத்துத் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் யார் தெரியுமா, தோழர்களே? ராபர்ட் லிங்கன்! அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் அருமை மகன்! 1911 வரை அவரே தலைவர். தந்தை தளையை நீக்கினார். தனயன் மணியை அழுத்தி ஏவல் கொண்ட கம்பெனியை நடத்தினார். 1915-இல் அரசினர் அமைத்த விசாரணைக் குழுவின் முன் அவரே வந்து, போர்ட்டர்களின் கூலி முறை குறித்துக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடை கூற வேண்டியதாயிற்று.

போர்ட்டர் என்றதும் நம் நினைவுக்கு வருவது, இரயிலடியில் பெட்டி தூக்கும் தோழர். அமெரிக்கப் படுக்கை வண்டிப் போர்ட்டரின் வேலை அதனினும் பலமடங்கு. பெட்டியைத் தூக்க வேண்டும். இருக்கையைப் படுக்கையாக மாற்ற வேண்டும். விரிப்பு விரிக்க வேண்டும். குழந்தை அழுதால் தேற்ற வேண்டும். குடித்துவிட்டு உருளும் கனவானைக் கட்டிலில் கிடத்த வேண்டும். எல்லோரும் உறங்கிய பின் அத்தனை பேருடைய பூட்ஸுக்கும் பாலிஷ் போட வேண்டும். பாலிஷ் வாங்கும் காசு அவருடையது! சாப்பாட்டுச் செலவும் அவருடையது. துண்டு காணாமற்போனால் பிடித்தமும் அவருடைய சம்பளத்தில். பயணிகள் வருவதற்கு முன் வண்டியைச் சித்தம் செய்யும் மணி நேரங்களுக்குக் கூலி கிடையாது. ஏனெனில் வண்டி இன்னும் நகரவில்லையாம்! மாதத்திற்கு 400 மணி நேரம், அல்லது 11,000 மைல். அதுதான் முழு மாத வேலை. 1925-இல் அதற்குக் கிடைத்த அடிப்படைச் சம்பளம் 67 டாலர் 50 சென்ட். மீதிக்குப் பயணியின் இனாமை நம்ப வேண்டும். இனாமை நம்பியவன் பல்லிளிக்காமல் எப்படி இருப்பான்? புன்னகையை விதியாக எழுதியதோடு நில்லாமல், வயிற்றையும் அதற்குப் பிணையாக வைத்தது கம்பெனி.

வெள்ளைக் கண்டக்டர் இல்லாத வண்டிகளிலே, அவர் வேலையையும் போர்ட்டரே பார்த்தார். கூடுதலாக ஏதோ சிறிது காசு கிடைத்தது. பதவி மட்டும் கிடைக்கவில்லை. முப்பது ஆண்டு உழைத்தாலும் கறுப்பர் கண்டக்டர் ஆக முடியாது. வேலை தெரியும், வேலையைச் செய்தும் காட்டினார், ஆனால் தோல் தடை!

இன்னொன்று சொல்கிறோம், நம் நாட்டார்க்குச் சட்டென விளங்கும். போர்ட்டர் இரவிலே மூன்று மணி நேரம் கண்ணயர்ந்தால் பெரும் பேறு. ஆண்கள் புகைபிடிக்கும் அறையின் சாய்விருக்கையே அவர் படுக்கை. அவருக்குத் தரப்படும் போர்வை நீல நிறம். பயணிகளின் போர்வைக்கு நிறம் வேறு. எதற்காக? ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதல்லவா! பயணியின் போர்வை நைந்து போனால் அதற்கு நீலச் சாயம் ஏற்றிப் போர்ட்டருக்குத் தருவர். படுக்கையை விரிப்பவன் அவன், மடிப்பவன் அவன், தலையணைக்கு உறை மாட்டுபவன் அவன். அந்தக் கை பட்டால் தீட்டில்லை; அவன் போர்த்திய போர்வை பட்டால் தீட்டு! சேரியிலிருந்து வந்தவன் அறுத்த நெல் வீட்டிற்குள் வரும், அறுத்தவன் மட்டும் வாயிலில் நிற்பான் என்றிருந்த ஊர்களில் பிறந்த நமக்கு, இதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இத்தனை இழிவுக்கும் இடையே, தம் மக்கள் நடுவிலே அந்தப் போர்ட்டர்கள் மதிப்போடு வாழ்ந்தனர். ஊர் ஊராகச் சென்றவர்கள், உலகம் கண்டவர்கள், பயணிகள் விட்டுச்சென்ற ஏடுகளைப் படித்தவர்கள். 1905-இல் சிகாகோவில் ராபர்ட் அபட் தொடங்கிய 'டிபெண்டர்' எனும் கறுப்பின மக்களின் ஏட்டைக் கட்டுக் கட்டாகத் தென் மாநிலங்களுக்குக் கொண்டுசென்று சேர்த்தவர்கள் இவர்கள்தாம். வடக்கே வேலையுண்டு, ஓரளவேனும் மூச்சுவிடலாம் என்ற செய்தி, பருத்திக் காட்டில் வெந்து கிடந்தோர் செவியில் இவர்கள் வழியாகவே விழுந்தது. வண்டியில் ஜார்ஜ், வீதியில் தூதுவன்.

சங்கம் சேர்ந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்டார்கள், கதவு சாத்தப்பட்டது. 1894-இல் புல்மன் தொழிற்சாலையிலே பெரும் வேலை நிறுத்தம் மூண்டது. யூஜின் டெப்ஸ் தலைமையில் அமெரிக்க இரயில்வே சங்கம் களத்தில் குதித்தது. நாட்டின் இரயில்கள் நின்றன, படை வந்தது, டெப்ஸ் சிறை புகுந்தார். வீரக் காவியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கத்தின் விதியிலே ஒரு வரி இருந்தது: வெள்ளையர் மட்டுமே உறுப்பினர். டெப்ஸ் அதை எதிர்த்து வாதாடினார். மாநாட்டுப் பெரும்பான்மை அவரைத் தோற்கடித்தது. முதலாளியின் கொடுமையை எதிர்த்து முழங்கியவர்களே, தோளோடு தோள் நிற்க வேண்டிய தோழனைத் தோல் பார்த்துத் தள்ளினர். போராட்டம் முறிந்தது. அந்த ஒரு வரியால்தான் முறிந்தது என்று நாம் கூறமாட்டோம். அரசும் நீதிமன்றமும் முதலாளிகளின் பக்கம் நின்றன. எனினும் ஆயிரக்கணக்கான கரங்களை வேண்டாமென்று உதறிவிட்டுக் களம் புகுந்ததும் மெய்தானே?

1920-ஆம் ஆண்டையொட்டிப் புல்மன் கம்பெனி புதிய மொழி பேசத் தொடங்கிற்று. "நாமெல்லோரும் ஒரே குடும்பம்" என்னும் மொழி! போர்ட்டர்களுக்கு வாத்தியக் குழு அமைத்தனர். பாட்டுக் குழு அமைத்தனர். 1922 முதல் 'புல்மன் நியூஸ்' என்று கம்பெனி ஏடு வெளிவந்தது. அதிலே சிரித்த முகங்களின் படம். "குறையுண்டா? கூறுங்கள், உங்கள் பிரதிநிதிகளும் எங்கள் பிரதிநிதிகளும் அமர்ந்து பேசலாம்" என்று ஊழியர் பிரதிநிதித்துவத் திட்டம் ஒன்றையும் 1920-இல் வகுத்தனர். யார் பேசலாம், எதைப் பேசலாம், கடைசியில் எது முடிவு என்பதெல்லாம் கம்பெனி கையில். குடும்பத்திலே ஒருவன் மேசையில் உண்கிறான், மற்றொருவன் நீலப் போர்வையோடு மூலையில் கிடக்கிறான், ஆனாலும் குடும்பம்!

பெயர் விஷயம் என்னவாயிற்று? அதிலும் ஒரு வேடிக்கை. ஜார்ஜ் டுலானி என்றொரு மரவியாபாரச் செல்வர், வெள்ளையர். தம் பெயரைச் சொல்லிப் போர்ட்டர்களை அழைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. போர்ட்டருக்கு இழிவு என்பதற்காகவா? ஜார்ஜ் எனும் பெயருக்கு இழிவாம்! 'படுக்கை வண்டிப் போர்ட்டர்களை ஜார்ஜ் என்றழைப்பதைத் தடுக்கும் சங்கம்' என்று 1914-இல் பாதி விளையாட்டாக ஒன்றைத் தொடங்கினார். அதற்கு உறுப்பினர் 31,000 பேர் என்று சொல்லிக்கொண்டனர். அவர் விடாது வற்புறுத்தியதால் 1926-இல் கம்பெனி இணங்கி, ஒவ்வொரு வண்டியிலும் அன்றைய போர்ட்டரின் பெயரட்டையைச் செருகும் சட்டம் மாட்டிற்று. அப்போது எண்ணிப் பார்த்தார்கள்: போர்ட்டரும் உணவு பரிமாறுவோருமாக 12,000 பேரில் ஜார்ஜ் என்று உண்மையிலேயே பெயருடையோர் 362 பேர்தாம்! பெயருக்கு உரியவர் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பட்ட வேதனை கம்பெனியின் காதில் ஏறவில்லை; சீமானின் சிணுங்கல் ஏறிற்று. அட்டை வந்தது. அட்டையைப் படித்து அழைத்தோர் எத்தனை பேர்?

அட்டை வருவதற்கு முந்தின ஆண்டே வேறொரு வழி தேடிப் புறப்பட்டுவிட்டனர் போர்ட்டர்கள். 1925 ஆகஸ்ட் 25. நியூயார்க்கில், ஹார்லம் பகுதியில் ஒரு மண்டபம். ஐந்நூறு பேர் அளவில் கூடியிருந்தனர். மேடையில் நின்றவர் போர்ட்டர் அல்லர். ஆசா பிலிப் ராண்டால்ப், 'மெசஞ்சர்' என்னும் மாத ஏட்டின் ஆசிரியர். 1889-இல் புளோரிடாவில் ஒரு மதபோதகரின் மகனாகப் பிறந்து, பகுத்தறிவும் சமதர்மமும் பேசும் ஏட்டை 1917 முதல் நடத்தியவர். நாடக மேடையில் ஷேக்ஸ்பியர் பேச விரும்பி வளர்த்த குரல், தொழிலாளர் மேடையில் முழங்கிற்று. போர்ட்டர் அல்லாதவரை ஏன் தலைவராக்கினர்? காரணம் எளிது: வேலையில் இருந்தால்தானே விரட்ட முடியும்! அன்றைய கூட்டத்தில் ஒற்றர்கள் இருப்பர் என்றறிந்து, தீர்மானங்களையும் அவரே முன்மொழிந்து, பேச்சையும் அவரே பேசி, போர்ட்டர் ஒருவரும் வாய் திறக்காதபடி காத்தார். பிறந்தது படுக்கை வண்டிப் போர்ட்டர்களின் சகோதரச் சங்கம்.

கம்பெனி சும்மா இருக்குமா? ஒற்றர் வைத்தது, சங்கத்தில் சேர்ந்தவர் என்று ஐயுற்றோரை வீட்டுக்கு அனுப்பிற்று. சம்பளத்தைச் சிறிது உயர்த்தி 72 டாலர் 50 சென்ட் ஆக்கி, "பார், உன் சங்கத்தாலன்று, எங்கள் திட்டத்தால் வந்தது" என்றது. கறுப்பின மக்களின் ஏடுகளுக்கு விளம்பரம் தந்தது. தேவாலயங்களுக்கு நன்கொடை தந்தது. சிகாகோவில் பல தேவாலயங்கள் ராண்டால்புக்குக் கதவடைத்தன. நன்கொடை வாங்கிய வாய் நன்றியல்லவா பேச வேண்டும்! 'டிபெண்டர்' ஏடே தொடக்கத்தில் சங்கத்தை எதிர்த்தது, 1927-இல்தான் திரும்பிற்று. அத்தகைய நகரிலே, கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கொடுமைகளை அம்பலப்படுத்திய வீராங்கனை ஐடா வெல்ஸ் தம் மன்றத்திற்கு ராண்டால்பை வரவேற்றார். மில்டன் வெப்ஸ்டர் அங்கே சங்கத்தைக் கட்டி எழுப்பினார்.

மகளிரைப் பற்றி இங்கே சற்று நின்று கூற வேண்டும். கணவன் சந்தா கட்டினால் வேலை போகும். ஆகவே மனைவி கட்டினாள், மனைவி வாங்கினாள், மனைவி கொண்டுசேர்த்தாள். வாஷிங்டன் நகரில் ரோசினா டக்கர் என்ற அம்மையார் வீடு வீடாகச் சென்று சந்தா திரட்டினார். செய்தி கம்பெனிக்கு எட்டிற்று. கணவர் வேலை நீக்கம் செய்யப்பட்டார். அழுதுகொண்டு மூலையில் அமர்ந்தாரா அம்மையார்? நேரே மேலதிகாரியின் அறைக்குள் சென்றார். மேசையை ஓங்கி அறைந்தார். "நான் செய்வதற்கும் என் கணவர் வேலைக்கும் என்ன தொடர்பு?" என்ற கருத்துப்படக் கேட்டார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. முதுமையிலே இதை அவரே பலருக்கும் எடுத்துக் கூறியிருக்கிறார். 105 ஆண்டுகள் வாழ்ந்து 1987-இல் மறைந்தார் அவர். ராண்டால்புக்கு மட்டும் சோறு போட்டது யார்? சங்கத்தால் சம்பளம் தர முடியாத நாட்களில், அழகுக்கலை நிலையம் நடத்திய அவர் துணைவியார் லூசில்தான்!

1928-இல் வேலை நிறுத்தம் என்று நாள் குறித்தனர். மத்தியஸ்தக் குழு தலையிட மறுத்தது, அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் ஒத்திப்போடச் சொன்னார், ராண்டால்ப் ஒத்திப்போட்டார். கோழைத்தனம் என்றனர் எதிரிகள், தோழர்களும் முணுமுணுத்தனர். உறுப்பினர் உதிர்ந்தனர். 'மெசஞ்சர்' ஏடு நின்றது. பின்னர்ப் பொருளாதாரப் பெருமந்தம் வேறு. ஆயிரக்கணக்கில் இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 1933-இல் 658! அலுவலகத்தில் விளக்கணைந்தது. வரலாறு எழுதுவோர் இத்தகைய ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். நமக்கு அது சரியெனப் படவில்லை. அந்த 658 பேர் வீட்டுக்குச் சென்றிருந்தால் பின்னே சொல்வதற்கு வரலாறே இல்லை.

1934-இல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் இரயில்வேத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. படுக்கை வண்டிக் கம்பெனியும் அதற்குள் வந்தது. தொழிலாளி தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று. 1935-இல் வாக்கெடுப்பு. கம்பெனி ஊட்டி வளர்த்த சங்கத்துக்கு 1,422; சகோதரச் சங்கத்துக்கு 5,931! குடும்பம், குடும்பம் என்று பாடியவர்கள் அந்த எண்ணைப் பார்த்து விழித்திருப்பர். அதற்குப் பின்னும் இரண்டாண்டு இழுத்தடித்தனர். 1937 ஆகஸ்ட் 25, சங்கம் பிறந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், புல்மன் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 400 மணி நேரம் 240 ஆகச் சுருங்கிற்று, சம்பளம் உயர்ந்தது, கூடுதல் நேரத்திற்குக் கூலி வந்தது. குறையைக் கேட்க முறை வந்தது. கேட்டவனை விரட்டாதிருக்கும் முறையும் வந்தது. பாட்டுக் குழுவிலும் பத்திரிகைப் படத்திலும் கிட்டாத உறவு, மேசையின் இருபுறமும் சமமாக அமர்ந்து கையெழுத்திட்டபோது கிட்டிற்று.

அங்கே கற்ற பாடம் வண்டியோடு நிற்கவில்லை. 1941-இல், போர்த் தளவாடத் தொழிற்சாலைகள் கறுப்பரைச் சேர்க்க மறுத்தபோது, பெருந்திரளாக வாஷிங்டனுக்கு நடந்து வருவோம் என்றார் ராண்டால்ப். நடப்பதற்கு முன்பே, ஜூன் 25 அன்று, இனம், மதம், நிறம், பிறந்த நாடு காரணமாக அத்தொழில்களில் வேற்றுமை காட்டலாகாது என்று 8802-ஆம் எண் ஆணை பிறப்பித்தார் ரூஸ்வெல்ட். 1955 டிசம்பர் முதல் நாள், மாண்ட்கோமரி நகரில் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரைப் பிணையில் மீட்கச் சென்றவர் யார்? ஈ. டி. நிக்சன், புல்மன் போர்ட்டர், அவ்வூர்ச் சங்கக் கிளையின் தலைவர்! 1963 ஆகஸ்ட் 28 அன்று இரண்டரை இலட்சம் மக்கள் வாஷிங்டனில் திரண்டபோது அந்தப் பேரணிக்குத் தலைவராக நின்றவர் 74 வயது ராண்டால்ப். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1961-இல், தொழிற்சங்கங்களுக்குள் நிலவிய நிறவேற்றுமையைச் சாடியதற்காக, அவர் அங்கம் வகித்த தொழிலாளர் பேரமைப்பின் செயற்குழுவே அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1894-இல் சாத்திய கதவின் தாழ்ப்பாள் அப்போதும் முழுதும் விலகவில்லை.

சகோதரச் சங்கம் குற்றமற்றது என்று நாம் கூறினால் வரலாற்றுக்கு வஞ்சனை செய்தவராவோம். போர்ட்டர்களை மிரட்ட, 1925-க்குப் பின் பிலிப்பைன்ஸ் நாட்டவரைச் சில வண்டிகளில் பணிக்கு அமர்த்திற்று கம்பெனி. ஒரு நிறத்துக்கு எதிராக மற்றொரு நிறம். சங்கம் முதலில் கம்பெனியை ஏசியதோடு அமையாது, வந்தவரையும் ஏசிற்று. அவர்களையும் உறுப்பினராக்க வேண்டுமென்ற தெளிவு பிறகே வந்தது.

படுக்கை வண்டிகளில் பணிப்பெண்களும் இருந்தனர். சீமாட்டிகளுக்குக் கூந்தல் முடித்து, நகம் திருத்தி, குழந்தையைப் பார்த்துக்கொண்ட கறுப்பின மகளிர், எண்ணிக்கையிற் சிலர். சங்கம் பிறந்தபோது அதன் பெயரிலே 'போர்ட்டர்கள், பணிப்பெண்கள்' என்று இருவருமே இருந்தனர். சில ஆண்டுகளில் பின்பாதி உதிர்ந்தது. சந்தா திரட்டியவரும், மேசையை அறைந்தவரும் துணைக் குழுவில் அமர்ந்தனர். பெயருக்காகப் பன்னிரண்டு ஆண்டு போராடியவர்களே பெயர்ப்பலகையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டனர். 1941-ஆம் ஆண்டு ஆணையிலும் இனம் உண்டு, நிறம் உண்டு, பெண் என்ற சொல் இல்லை. வேலையிடத்தில் பால்வேற்றுமை காட்டலாகாது என்று அமெரிக்கப் பேரவை குடியுரிமைச் சட்டத்தில் எழுதியது 1964-இல். அதற்கு நான்காண்டுகள் கழித்து, 1968 முடிவோடு, புல்மன் கம்பெனி தன் படுக்கை வண்டி ஓட்டத்தையே நிறுத்திக்கொண்டது.